விசுவமடு வீட்டுக்கு இரையாத கேசிங் தேடியது

வயதானவர்களுக்குக் கம்பியூட்டர் வாங்கிக் கொடுக்கிறபோது எல்லோரும் கேட்பது பிரோசசர் என்ன, ரேம் எவ்வளவு, மொனிட்டர் எத்தனை அங்குலம் என்றுதான். கேசிங், அதாவது இவை எல்லாவற்றையும் உள்ளே பூட்டுகிற பெட்டி, கடைசியில் வரும், "ஏதாவது ஒண்டைப் போட்டுத் தாங்கோ" என்று. ஆனால் எழுபது தாண்டிய இரண்டு பேர் அந்தக் கம்பியூட்டரைப் பாவிப்பார்களா, சேலைத் துண்டால் மூடி மூலையில் வைப்பார்களா என்பதை என் மாமா வீட்டில் முடிவு செய்தது அந்தக் கேசிங்தான். அதனால் விவரமாகவே எழுதுகிறேன். வன்னியில் அம்மா அப்பாவுக்கோ மாமா மாமிக்கோ ஒன்று பொருத்திக் கொடுக்க நினைக்கிறவர்களுக்கு உதவும்.

மாமாவும் மாமியும் விசுவமடுப் பக்கம், பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிரவல் ஒழுங்கையில் இருக்கிறார்கள். கூரை தகரம், சீலிங் இல்லை. மாமா ஓய்வுபெற்ற ஆசிரியர், கமக்காரர் அமைப்பின் கணக்கும் கோயில் கணக்கும் அவருடைய பொறுப்பில்தான் இருக்கின்றன. மகள் ரொறன்ரோவில். இங்கே இரவு எட்டு மணி என்றால் கோடை காலத்தில் அங்கே காலை பத்தரை, அதனால் சனி ஞாயிறுகளில் அந்த நேரம்தான் பேரப்பிள்ளைகளோடு கதைக்கிற நேரம். போனில் கதைக்கலாமே என்று கேட்பீர்கள். மாமிக்குக் கண் ஒப்பரேஷன் செய்த பிறகு, போனில் பிள்ளைகளின் முகம் தீப்பெட்டி அளவில்தான் தெரிகிறது என்று சொல்லிச் சொல்லியே இந்த 22 அங்குல மொனிட்டர் வந்தது.

வந்த மெஷின் மோசமில்லை. இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ3, தனிக் கிராபிக்ஸ் கார்ட் கிடையாது, மைக்ரோ ஏடிஎக்ஸ் என்கிற சிறிய அளவு மதர்போர்ட். அவர்களுடைய தேவைக்கு அது தாராளம். ஆனால் ஒரு கடையில் அதைப் பொருத்திக் கொடுத்தவர்கள் இருக்கிறதிலேயே மலிவான கேசிங்கில், அதோடு சேர்ந்தே வரும் பவர் சப்ளையோடு, முன்னுக்குக் கண்ணாடித் தகடும் மின்னுகிற லைட்டுமாகக் கொடுத்துவிட்டார்கள். சுவிச்சைப் போட்டால் இரையத் தொடங்கும், நிற்பாட்டும் வரைக்கும் இரையும்.

மாமா ஒரு காதில் கேட்கும் கருவி போடுகிறவர். அவர் ஒருநாள் சொன்னார், "தம்பி, பிள்ளை கதைக்கிறது கேக்குது, ஆனா என்ன கதைக்கிறாள் எண்டு விளங்கேல்லை." இதைச் சாதாரணமாக எடுக்க முடியாது. வயது போகப் போகக் காதில் முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகள். உயிரெழுத்து ஒலிகள் தாழ்ந்த சுருதியில் இருப்பதால் குரல் வருவது தெரியும், ஆனால் ச, த, க போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டுகிற நுணுக்கம் மேலே இருப்பதால் சொல் பிடிபடாது. அதிலும் பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் இன்னும் சிரமம். அதற்குப் பக்கத்தில் ஒரு விசிறி இரைந்துகொண்டிருந்தால், கேட்கும் கருவி அதையும் சேர்த்தே பெரிதாக்கிக் காதுக்குள் தள்ளும். ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினாலும் பெரிய பயன் இல்லை. அந்தப் பக்கத்தில் மகளும், "அப்பா, அங்க மழையோ?" என்று கேட்டிருக்கிறாள். கமெராவில் இருக்கிற மைக் கேசிங்கிலிருந்து ஒரு முழத்தில் இருந்தது, பிறகு எப்படி இருக்கும்.

மாமியின் கதை வேறு. "இது சுத்தத் தொடங்கினா வண்டு நிக்கிற மாதிரிக் கிடக்கு, நிப்பாட்டு ராசா" என்றார். 2009க்கு முன் இங்கே இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வண்டு என்று சனம் சொன்னது தலைக்கு மேலே மணிக்கணக்கில் சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தை. அந்த ஒலி கேட்டால் அடுத்தது செல்லோ கிபிர் குண்டுவீச்சு விமானமோ என்று பங்கரைப் பார்த்து ஓடிய காலம் அது. அதனால் கம்பியூட்டரைப் போட்டதும் மாமி எழும்பிக் குசினிக்குப் போய்விடுவார். மகளோடு கதைப்பதற்காக வாங்கிய சாமான் ஓடுகிற நேரத்தில் தாய் அங்கே இருப்பதில்லை. இதைப் பார்த்த பிறகு, சத்தம் குறைந்த கேசிங் பணக்காரர் விளையாட்டு என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

புதுக் கேசிங் வாங்க ஓடுவதற்கு முன், இரைகிறது எது என்று பிரித்துப் பார்த்தேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு பிழையான இடத்துக்குப் போகும். பக்கத் தகட்டைக் கழற்றி, கரண்டை நிற்பாட்டி ஒவ்வொரு விசிறியின் வயரையும் மாறி மாறிக் கழற்றிப் பூட்டி, சிறிது நேரம் ஓடவிட்டுக் கேட்டேன். (பிரோசசர் மேலே இருக்கிற விசிறியைக் கழற்றி ஓடவிட வேண்டாம். பவர் சப்ளையைத் திறக்கவே வேண்டாம், கரண்டை எடுத்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.) பின்பக்கம் இருந்த 80 மில்லிமீற்றர் விசிறிதான் அந்தக் கீச்சுக் குரலுக்குக் காரணம். பவர் சப்ளைக்குள்ளேயும் ஒரு சின்ன விசிறி, அதுவும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மாமி சொன்ன அந்த அடித்தொண்டை ஊம் ஒலி இரண்டிலிருந்தும் வரவில்லை.

அது ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 தரம் சுற்றுகிற டிஸ்க், அதாவது விநாடிக்கு 120 சுற்று, அந்த அதிர்வு மெல்லிய தகட்டில் ஏறி முழுக் கேசிங்கையும் முழங்க வைத்தது. டிஸ்க்கின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, வயர் பூட்டியபடியே, நாலாக மடித்த துவாய் ஒன்றின் மேல் வைத்து ஓடவிட்டேன். ஊம் நின்றுவிட்டது. திரும்பத் தூக்கித் தகட்டில் அழுத்தினால் உடனே வந்தது, எடுத்தால் போனது. மாமி குசினி வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அதுதான், அதுதான்" என்றார். ஆகவே முதல் செலவு கேசிங்குக்குக் கூட இல்லை, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டதற்கு. அதில் சுற்றுகிற பாகமே கிடையாது, சத்தம் பூச்சியம், மெஷினும் வேகமாக எழும்பும். படங்களுக்காக ஹார்ட் டிஸ்க் வேண்டும் என்றால் வெளியே யூஎஸ்பியில் பூட்டி, தேவையான நேரம் மட்டும் பாவிக்கலாம்.

சரி, இனிக் கேசிங்.

இரைச்சல் என்பது கடைசியில் சூட்டின் கதை. உள்ளே சூடு கூடினால் விசிறி வேகமாகச் சுற்றும், வேகமாகச் சுற்றினால் இரையும். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் ஏறக்குறைய 15 டெசிபல் குறைகிறது. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும் என்பதால் இது பெரிய வித்தியாசம். ஆனால் வேகத்தைக் குறைத்தால் காற்றும் குறையுமே, அதற்குத்தான் பெரிய விசிறி. 120 மில்லிமீற்றர் விசிறியின் பரப்பு 80 மில்லிமீற்றருடையதைப் போல இரண்டேகால் மடங்கு, ஆறுதலாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளிவிடும். ஆகவே 120 விசிறி முன்னுக்கும் பின்னுக்கும் பூட்ட முடியாத கேசிங்கை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், கையில் எடுக்காதீர்கள்.

இணையத்தில் சத்தமில்லாத கேசிங் என்று தேடினால் முதலில் வருவது சுவீடனின் ஃபிராக்டல் டிசைன், ஜேர்மனியின் பீ குவயட் போன்றவை. உள்ளே ஒலியை உறிஞ்சுகிற திரை ஒட்டி, முன்பக்கத்தைக் கதவு மாதிரி மூடி, நேர்த்தியாகச் செய்திருப்பார்கள். நல்ல சாமான்கள்தான், ஆனால் அந்த மூடின வகைகள் குளிர் நாட்டு அறைக்குப் பொருந்துகிற யோசனை. சித்திரை மாதம் தகரக் கூரைக்குக் கீழே, பகலில் அறையே 35 பாகை தாண்டி நிற்கிற வீட்டில் முன்பக்கத்தை மூடினால் உள்ளே சூடு தேங்கும், விசிறி வேகம் எடுக்கும், அந்தத் திரைக்குக் கொடுத்த காசு வீண். விலையும் எங்களுக்கு எட்டாது. 2022இல் டாலர் 200 ரூபாவிலிருந்து 360 வரைக்கும் போன பிறகு இறக்குமதிச் சாமான் எதன் விலையும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. எங்கள் பக்கத்துக்குச் சரி வருவது முன்பக்கம் முழுக்கக் கம்பிவலை போலத் திறந்திருக்கிற கேசிங், அதற்குள் ஆறுதலாக ஓடுகிற பெரிய விசிறிகள்.

திறந்த முகம் என்றால் தூசி வருமே என்று கேட்பீர்கள். வரும். வன்னியில் தூசிக்குக் கணக்கே இல்லை. வைகாசியில் தொடங்கிச் சோளகம் வீசுகிற மாதங்களில் கிரவல் ஒழுங்கையால் ஒரு ட்ராக்டர் போனால் விறாந்தை முழுக்கச் சிவப்பு, காலபோக அறுவடையில் மெஷின் வயலுக்குள் இறங்கினால் நெல்லுத் தூசியும் சப்பியும் வீட்டுக்குள்ளே வரும். மூடின கேசிங்கும் இதிலிருந்து தப்புவதில்லை, எங்கேயோ ஒரு நீக்கலால் இழுக்கும். மாமாவின் பழைய கேசிங்கில் காற்று உள்ளே வருகிற விசிறியே இல்லை, பின்னால் வெளியே தள்ளுகிறது மட்டும், அதனால் சிடி டிரைவ் இடுக்கு, யூஎஸ்பி ஓட்டை என்று எல்லாத் துளையாலும் தூசி இழுபட்டு பிரோசசரின் கூலருக்குள் கம்பளி மாதிரி அடைந்திருந்தது. முன்னால் இரண்டு விசிறி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று இன்னும் மெதுவாக வெளியே தள்ள என்று வைத்தால், உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக நிற்கும். அப்போது நீக்கல்களால் காற்று வெளியேதான் போகும், உள்ளே வருகிற காற்று முழுவதும் முன்னாலுள்ள வடியால், அதாவது தூசியைப் பிடிக்கிற வலையால், மட்டுமே வரும். அந்த வடியைக் கழுவினால் போதும்.

கிளிநொச்சி டவுனில் ஏ9 வீதிக் கடைகளிலும் பிறகு யாழ்ப்பாணத்திலும் கேசிங் பார்த்தபோது நான் செய்ததைச் சொல்கிறேன். கடைத்தம்பி பெட்டியைத் திறந்து வைத்ததும் முதலில் பக்கத் தகட்டை விரல் மொட்டியால் தட்டுவேன். மலிவானவை தகரப் பேணி மாதிரிச் சத்தம் போடும், அவற்றின் தகடு அரை மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். 0.7, 0.8 மில்லிமீற்றர் தகடு என்றால் "டொக்" என்று அடங்கிப் போகும். பிறகு இரண்டு எதிர் மூலைகளைப் பிடித்து மெதுவாகத் திருகிப் பார்க்க வேண்டும். உடம்பு நெளிகிறது என்றால் பூட்டின பிறகு தகடுகள் ஒன்றோடொன்று உரசி அதிரும். அப்புறம் முன்பக்கத்தைக் கழற்றச் சொல்லிக் கேட்பது. சில கேசிங்குகளில் முன்பக்கம் கம்பிவலை மாதிரி வெளியே தெரியும், கழற்றினால் உள்ளே முழுத் தகடு, நாலு துளை மட்டும் இருக்கும். படத்தில் இது தெரியாது.

வடி எங்கே இருக்கிறது, எப்படிக் கழற்றுவது என்பதை நான் மாமாவின் கையைக் கொண்டு பார்த்தேன், அதாவது அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல், குனியாமல், நகம் உடையாமல் எடுக்க முடியுமா? முன்பக்கம் முழுவதையும் இழுத்துக் கழற்றினால்தான் வடி வரும் என்கிற வகை ஒன்று மிக அழகாக இருந்தது, மாமா இழுத்துப் பார்த்துவிட்டு "இது என்னால ஏலாது தம்பி" என்று வைத்துவிட்டார். காந்தத்தில் ஒட்டி நிற்கிற வடி, அல்லது பக்கத்தால் இழுத்தெடுக்கிற வடி, இரண்டும் வயதான கைக்குச் சுகம். கழற்றக் கஷ்டமான வடி கழுவப்படாது, அடைபட்ட வடி விசிறியை இரைய வைக்கும், திரும்பவும் பழைய கதைதான். பக்கத் தகடும் கையால் திருகுகிற ஸ்க்ரூவில் இருப்பது நல்லது.

பவர் பட்டன், யூஎஸ்பி இரண்டும் எங்கே என்று பாருங்கள். மேல் தட்டில் யூஎஸ்பி இருந்தால் தூசியும் தேத்தண்ணீரும் நேரே உள்ளே போகும். முன்பக்கத்தில், மேசை உயரத்தில் இருந்தால் பென் டிரைவை முழங்கால் மடிக்காமல் குத்தலாம். பட்டன் பெரிதாக, அமர்த்தினால் விரலுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். நிறநிறமாக மின்னுகிற விசிறிகளோடு வருகிறதை நான் தவிர்க்கச் சொல்வேன். மலிவான கேசிங்கில் அந்த விசிறிகள் பெரும்பாலும் நேரே பவர் சப்ளையில் பூட்டுகிறவை, வேகத்தைக் குறைக்க வழியே இருக்காது. கண்ணாடிப் பக்கம் பாரம், பஸ்ஸில் கொண்டு வரும்போது பயம், வேறு பிரயோசனம் எதுவும் இந்த இரண்டு பேருக்கும் இல்லை.

கடைசியில் எடுத்தது பெயர் சொல்லும் அளவுக்குப் புகழ் இல்லாத ஒரு மைக்ரோ ஏடிஎக்ஸ் கேசிங். முன்னுக்கு உண்மையான வலை, அடியிலும் வடி, கெட்டித் தகடு. அதே விலைக்குக் கண்ணாடியும் லைட்டும் வைத்த கேசிங்கைத்தான் கடைத்தம்பி முதலில் காட்டினார். கிளிநொச்சியில் கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணம், அங்கேயும் இல்லாவிட்டால் கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் எடுத்து அனுப்பச் சொல்லலாம். ஆனால் தட்டிப் பார்க்காமல் வாங்குவதை நான் விரும்பவில்லை.

கேசிங்கில் மிச்சம் பிடித்த காசைப் பவர் சப்ளையில் போட்டேன். என் கணக்கில் இரண்டிலும் முக்கியம் அதுதான். கேசிங்கோடு இனாமாக வருகிற பவர் சப்ளையில் 450 வற், 500 வற் என்று ஒட்டியிருக்கும், கையில் தூக்கினால் வெறும் தகரம். மாமாவின் மெஷின் முழுவதும் வேலை செய்யும்போதும் நூறு வற்றுக்குக் கீழேதான் எடுக்கும், அதனால் பெரிய எண் தேவையில்லை. 80 பிளஸ் என்கிற மின்சிக்கனச் சான்று உள்ள, 120 விசிறி வைத்த ஒன்று போதும். வீணாகிற மின்சாரம் குறைவு, அதனால் சூடு குறைவு, அதனால் விசிறி மெதுவாக ஓடும். இன்னொரு நன்மை எங்கள் ஊருக்கே உரியது. லைனின் கடைசியில் இருக்கிற வீடுகளில், தோட்டத்து மோட்டர்கள் ஓடுகிற நேரம் வோல்டேஜ் இறங்கும். 100 முதல் 240 வோல்ட் வரைக்கும் என்று எழுதியிருக்கிற பவர் சப்ளை அதைச் சமாளிக்கும்.

விசிறிகளைத் தனியாக வாங்கினேன். ஒஸ்ரியாவின் நொக்ருவா சிறந்தது, ஆனால் அந்த விலைக்கு மூன்று சாதாரண விசிறி வரும். ஆர்க்டிக் பி12 மாதிரி நாலு ஊசி வயர் உள்ள, எண்ணெய்ப் பெயாரிங் வைத்த விசிறி போதும், நிமிடத்துக்கு 200 சுற்று வரைக்கும் இறக்கலாம். மலிவான புஷ் வகைப் பெயாரிங் எங்கள் சூட்டில் சீக்கிரம் காய்ந்து கரகரக்கத் தொடங்கும். விசிறியைப் பூட்டும்போது ஸ்க்ரூவுக்குப் பதிலாக ரப்பர் ஆணி போட்டால் அதிர்வு தகட்டுக்குப் போகாது.

பொருத்தி முடித்ததும் பயோஸில், அதாவது விண்டோஸ் எழும்ப முன் திறக்கிற அமைப்புத் திரையில், போய் விசிறி வேகத்தை நாங்களே அமைக்க வேண்டும், இதைக் கடைகளில் அநேகமாகச் செய்து தருவதில்லை. தொழிற்சாலை அமைப்பில் பிரோசசர் ஐந்து பாகை ஏறினாலே விசிறி துள்ளும், கேட்கிறவருக்கு அந்தக் கூடிக் குறைகிற ஒலிதான் எரிச்சல். மாமாவின் ஐ3 100 பாகை வரைக்கும் தாங்கக் கூடியது, அதனால் 60 பாகை வரைக்கும் ஒரே மெதுவான வேகம், அதற்கு மேலே படிப்படியாக, 80 தாண்டினால் முழு வேகம் என்று வைத்தேன். பிரோசசரின் பழைய கூலரை மாற்றவில்லை. கழற்றிப் பெயின்ற் பிறஷால் தூசி தட்டி, காய்ந்துபோன, சூடு கடத்துகிற பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசியதே போதுமாக இருந்தது.

வைக்கிற இடத்திலும் பாதி வேலை இருக்கிறது. நிலத்தில் வைக்காதீர்கள். தும்புத்தடியால் கூட்டுகிற தூசி முழுவதும் நேரே உள்ளே போகும், அடியால் காற்று இழுக்கிற பவர் சப்ளை என்றால் இன்னும் மோசம். மாமா வீட்டில் ஒரு குட்டை ஸ்டூலில், மேசைக்குப் பக்கத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கீழே பழைய சைக்கிள் டியூப் துண்டுகள் நாலு வைத்து நிறுத்தினோம். கமெரா மொனிட்டருக்கு மேலே, ஸ்பீக்கர் மாமாவின் நல்ல காதுப் பக்கம்.

ஏர்த்தைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். பழைய கேசிங்கைத் தொட்டால் சுர் என்று இழுக்கிறது என்று மாமி சொல்லிக்கொண்டிருந்தார், டெஸ்டர் வைத்தால் எரிந்தது. பவர் சப்ளைக்குள் இருக்கிற வடிகட்டும் பாகங்களால் சிறிதளவு மின்சாரம் கேசிங்கின் உடம்புக்கு வருவது வழக்கம், ஏர்த் இருந்தால் அது நிலத்துக்குப் போய்விடும். இங்கே இரண்டு கால் பிளக்கில் பூட்டிய மலிவான எக்ஸ்ரென்ஷன் வயர் ஒன்று நடுவில் இருந்தது, ஏர்த் எங்கேயும் போகவில்லை. சீமெந்து நிலத்தில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள் இவர்கள். எலக்ரிசியனைக் கூப்பிட்டு 13 அம்பியர் சொக்கெட் ஒன்றை ஏர்த்தோடு சரியாகப் போட்டு, ட்ரிப் சுவிச்சையும் சோதித்த பிறகுதான் புது மெஷினைப் பூட்டினோம். எவ்வளவு நல்ல கேசிங்கானாலும் அது இரும்புப் பெட்டிதான், இந்தச் செலவைத் தள்ளிப் போடக் கூடாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றும் வழக்கம் மாமாவிடம் முன்பே இருக்கிறது.

பல்லியும் எறும்பும் வேறு. பழைய கேசிங்கின் பின்பக்கம் கார்ட் பூட்டுகிற இடைவெளிகள் இரண்டு மூடப்படாமல் இருந்தன, உள்ளே பல்லி முட்டை. மாரி காலத்தில் சூடான இடம் தேடி எறும்பு குடியேறுவதும் இங்கே வழமை. இடைவெளிகளுக்குத் தகடு போட்டோம், போர்டின் பின் துளைத் தகடு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தோம், மிச்ச ஓட்டைகளுக்கு உட்புறமாக நுளம்பு வலைத் துண்டு ஒட்டினோம். மாரியில் தினமும் சிறிது நேரமாவது ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது.

புதிதாகவே வாங்கப் போகிறவர்கள் இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்கலாம். இரண்டு வழி உண்டு. ஒன்று, பாவித்த அலுவலக மெஷின்கள்: டெல் ஒப்ரிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்ரர். கேசிங் உறுதி, பிறந்ததிலிருந்தே சத்தம் குறைவு, விலையும் கட்டுப்படியாகும். எட்டாம் தலைமுறைக்குக் கீழே மட்டும் போக வேண்டாம், விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டது, இன்டெல் என்றால் 11ஐப் போட எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. இவற்றின் குறை, பவர் சப்ளையும் சில விசிறிகளும் அந்தந்தக் கொம்பனியின் சொந்த அளவில் இருக்கும், பழுதானால் கிளிநொச்சியில் உடனே மாற்று எடுப்பது கஷ்டம். மற்றது உள்ளங்கை அளவு மினி பீசி. இன்டெல் என்100 பிரோசசருக்கு 6 வற்தான் கணக்கு, விசிறியே இல்லாத வகைகளும் உண்டு, வீடியோ அழைப்புக்கும் கணக்கு எழுதவும் அது போதும். கையில் பழைய போர்ட் இல்லாமல் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறவர் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். மாமாவிடம் நல்ல போர்டும் பிரோசசரும் ஏற்கெனவே இருந்தன, அவற்றை எறிய மனமில்லை, அதுவும் எந்தப் பாகம் போனாலும் டவுனில் வாங்கிப் பூட்டக்கூடிய சாதாரண அளவில் இருந்தன.

வடி கழுவுவது இப்போது மாமாவின் வேலை. சோளகம் முடிந்ததும் ஒருதரம், அறுவடை முடிந்ததும் ஒருதரம் முழுத் துப்பரவு, இடையில் கையால் தடவிப் பார்த்துத் தூசி ஒட்டினால் குழாய்த் தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகு திருப்பிப் போடுவார். உள்ளே பிறஷ் போடும்போது விசிறி இதழை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், காற்றடித்து அதைச் சுற்றவிட்டால் பெயாரிங் கெட்டுப்போகும்.

இரவில் இப்போது கூரைக்குக் கீழே தொங்குகிற ஃபானின் சத்தம்தான் கேட்கிறது, கம்பியூட்டர் ஓடுகிறதா என்று லைட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மாமி கதிரையைப் போட்டு மாமாவுக்குப் பக்கத்தில் இருந்து கதைக்கிறார், மாமாவைக் கதைக்க விடுகிறார் இல்லை. முழுக்கத் தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். சித்திரை, வைகாசியில் பகல் இரண்டு மணிக்கு மாமா கணக்கு எழுத உட்கார்ந்தால் விசிறிகள் வேகம் எடுப்பது கேட்கத்தான் செய்கிறது, தகரத்திலிருந்து இறங்குகிற சூட்டுக்குக் கேசிங்கால் செய்யக்கூடியது அவ்வளவுதான். அதற்குச் சீலிங் அடிக்க வேண்டும். காலபோக நெல்லு விற்ற பிறகு பார்ப்போம் என்று மாமா சொல்லியிருக்கிறார், ஓடாவி ஒருவர் வந்து அளந்துகொண்டும் போயிருக்கிறார்.